மஞ்சள் கோட்டுக்கு வெளியே

காது பரிசோதனை வண்டி சாத்தாங்காட்டு இரும்பு யார்டுக்குள் காலையிலேயே வந்து நின்றுவிட்டது. தகடு வெட்டுகிறவர்கள் அதன் முன்னால் வரிசை கட்டினார்கள். அந்த வரிசையில் வேலப்பனும் நின்றான். அதே யார்டில் பெருக்கும் வேலை பார்க்கும் அவன் மனைவி வேம்பு, பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷச் சம்மட்டிச் சத்தத்தில் வேலப்பனின் காது போய்விட்டிருந்தது. கிரேன் ஹாரன் கேட்காதவனை அதன் கீழே நிறுத்தக் கூடாது என்று புது விதி வந்திருந்தது. நியாயமான விதிதான். அவனை வேறு எங்கே நிறுத்துவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பக்கத்து யார்டில் அப்பாவு பரிசோதனையில் தோற்ற அன்றே வேலை போயிற்று.

நேற்று வீட்டில் இருவரும் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

"நான் மூக்கத் தொட்டா நீ பட்டன அமுக்கு," என்று வேம்பு வாயசைத்துக் காட்டினாள்.

"அரிச்சு சொறிஞ்சுகினா?"

"அரிக்காதுய்யா, பேஜார் பண்ணாத." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

வேலப்பன் கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்டால் அமுக்கவேண்டிய பட்டனோடு உட்கார்ந்தான். வண்டி வாசலில் துடைப்பத்தோடு நின்ற வேம்புவுக்கு, ஒலி எழுப்பும் பெண்ணின் விரல் தெரிந்தது. அவனுக்கு வேம்புவின் முகம் தெரிந்தது. விரல் இறங்கியபோதெல்லாம் அவள் மூக்கைத் தொட்டாள்.

"அண்ணனுக்குப் பாம்புக் காது," என்றாள் அந்தப் பெண்.

பாதுகாப்பு அதிகாரி ஜோபின் ஒரு ஜோடி காதடைப்பானைக் கொடுத்தார். "இனிமே இத மாட்டிக்கோங்க அண்ணே. காதக் காப்பாத்தணும்லா." வேலப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அதற்குப் பிறகுதான் வேம்புவுக்கு உறைத்தது. வேலையைக் காப்பாற்றியாயிற்று, ஆளை யார் காப்பாற்றுவது? துடைப்பத்தோடு மஞ்சள் கோட்டைத் தாண்டி, கிரேனுக்குக் கீழே போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஹாரன் அடித்ததும் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஜோபின் ஓடிவந்தார். "அக்கா, ஹெல்மெட் இல்லாம இங்க நிக்கக் கூடாது."

"எனக்கும் ஒண்ணு குடு சார்."

"பெருக்குறவங்க காண்ட்ராக்ட் ஆளுங்கல்லா. உங்களுக்கு எங்க கணக்குல ஹெல்மெட் கிடையாது." தணிவாகத்தான் சொன்னார். "மஞ்சக் கோட்டுக்கு வெளிய போயிருங்க."

போனாள். வேலப்பன் தகட்டைச் சுற்றி வந்து, அவளைப் பார்த்தபடி நின்று வேலையைத் தொடர்ந்தான். ஹாரன் அடித்தது. மூக்கைத் தொட்டால் இவ்வளவு தூரத்துக்குத் தெரியாதென்று துடைப்பத்தை உயர்த்திக் காட்டினாள். அவன் ஒதுங்கினான். அவன் நின்றிருந்த இடத்துக்கு மேலே, கிரேனில் தொங்கிய தகடு ஆடிக்கொண்டே போயிற்று. அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

ஆபீஸ் பக்கமிருந்து காண்ட்ராக்ட் மேஸ்திரி கூப்பிட்டார். "வேம்பு, இங்க ஒரே கலீஜா கீது. இன்னா அங்க பராக்கு பாத்துகினு கீற?"

மறுபடியும் கூப்பிட்டார். அடுத்த தகடு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. வேம்பு காது கேளாதவள்போல நின்றாள்.