எண்பதில் நின்ற முள்

நான்காவது முறையும் அதே இடத்தில் முள் எழுந்தபோது, அவளுக்குத் தம்பியின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திரையில் பச்சைக் கோடு தரையோடு தரையாக வந்து, எண்பது மெகாஹெர்ட்ஸில் சொல்லிவைத்த மாதிரி விருட்டென்று எழும்பி, சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. தாண்டினால் ஃபெயில். இதில் அக்கா என்ன, தம்பி என்ன?

அவள் வேலை பார்த்தது ஒரு பரிசோதனைக் கூடத்தில். மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியும் தன்னையறியாமல் கொஞ்சம் ரேடியோ அலையைக் கசியவிடும். அது அக்கம்பக்கத்துக் கருவிகளைக் குழப்பாத அளவில் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது காலை வேலை. வெளியிலிருந்து பலமான அலையை அடித்தால் அந்தக் கருவி தாங்குமா என்று பார்ப்பது மதிய வேலை. இரண்டுக்கும் ஒரே அறை, ஒரே ஆன்டெனா. அந்த ஆன்டெனாவைக் காலையில் அலையை அளக்கும் ரிசீவரோடும் மதியம் அலையைப் பலமாக்கும் ஆம்ப்ளிஃபையரோடும் இணைப்பது தீப்பெட்டி அளவில் ஒரு கோஆக்சியல் ஸ்விட்ச். பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று ஒரு வழியை அடைத்து மறு வழியைத் திறக்கும். அந்த 'டக்' கேட்டுவிட்டால் போதும், அதைப் பற்றி யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தம்பி செய்திருந்தது, வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குத் தொண்டைச் சளியை உறிஞ்சி எடுக்கும் சின்ன மெஷின். முதல் முறை ஃபெயிலானதும் வயர்களுக்கெல்லாம் கவசம் போட்டான். அடுத்த முறை ஃபெயிலானதும் பிளாஸ்டிக் பெட்டியை விட்டு உலோகப் பெட்டிக்கு மாறினான். ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பீற்றிக்கொண்ட மெஷின், இப்போது தூக்கினால் தோள்பட்டை இறங்கும் கனத்தில் இருந்தது. முள் மட்டும் ஒரு முடியளவும் அசையவில்லை. போன வாரம் அவன் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். இந்த முறையும் பாஸாகவில்லையென்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு மாமனாரின் குழாய்க் கடையில் போய் உட்கார வேண்டும். அவனும் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

"அக்கா, மெஷினை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை பாக்கலாமா?" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஃபெயிலான ஒவ்வொருவரும் கடைசியில் கூடத்தின் மேல்தான் பழியைப் போடுவார்கள். சொந்தத் தம்பியுமா?

"காலையில காலி அறையை அளந்தாச்சு, சுத்தமா இருந்துச்சு. உன் போர்டுல ஓடுறது எட்டு மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். அதோட மடங்குலதான் கசியும், பத்தெட்டு எண்பது. இதுக்கு ஒரு ஆராய்ச்சி வேறயா?"

கூடத்தில் அவளுக்குக் 'கறார்' என்றுதான் பெயர். வீட்டிலும் அதேதான், கொஞ்சம் மரியாதையாகச் சொல்வார்கள். தம்பி அளக்கும் அறைக்குள் போய், பிளக்கைப் பிடுங்கி, மெஷினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான்.

அவள் ரிசீவரை நிறுத்த மறந்திருந்தாள். கோபம் எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள விடும்? தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரையைப் பார்த்தால், முள் அங்கேயே நிற்கிறது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மேஜை காலி. திரும்ப வந்து பார்த்தாள். எண்பதில் அதே முள், அதே உயரம், கொஞ்சங்கூட வெட்கமில்லாமல்.

ரேக்கின் கீழ்த்தட்டில் மதிய வேலைக்கான, ரேடியோ அலையை உண்டாக்கும் ஜெனரேட்டரும் ஆம்ப்ளிஃபையரும் சூடேறிக்கொண்டிருந்தன. மதியப் பரிசோதனை எண்பதில்தான் தொடங்கும். அதனால் ஜெனரேட்டர் எப்போதும் எண்பதில்தான் காத்திருக்கும். அதை அணைத்தாள். முள் விழுந்தது. போட்டாள். எழுந்தது. அடைத்த வழியை ஸ்விட்ச் சரியாக அடைக்கவில்லை. கூடத்தின் அலையே அதற்குள் புகுந்து ரிசீவருக்கு வந்துகொண்டிருந்தது. பவரை நிறுத்திவிட்டுத்தான் ஸ்விட்சைத் திருப்ப வேண்டும் என்பது விதி. அவசரத்தில் எத்தனையோ முறை பவர் ஓட ஓடத் திருப்பி, உள்ளே ஒட்டிப் பிரியும் காண்டாக்ட் முனையைக் கருக்கியவளும் அவளேதான்.

மற்றவர்கள் யாருக்கும் ஏன் முள் வரவில்லை என்று யோசித்தபோதுதான் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களுக்குக் காலை நேரம், ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கும். தம்பியாயிற்றே என்று, காத்திருப்போர் வரிசையில் நிற்க விடாமல், மேலாளரிடம் கெஞ்சித் தன் சாப்பாட்டு இடைவேளையை அவனுக்குக் கொடுத்திருந்தாள். அது ஆம்ப்ளிஃபையர் சூடேறுகிற நேரம். நான்கு முறையும் அவள் செய்த சலுகைதான் அவனை ஃபெயிலாக்கியது.

வராந்தாவில் அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். "மாமனார்கிட்ட சொல்லிட்டேன்க்கா. நாளையிலிருந்து கடைக்கு வரேன்னு."

"உள்ள வா" என்றாள்.

ஸ்விட்சிலிருந்து ஆன்டெனா கேபிளைக் கழற்றி நேராக ரிசீவரில் முறுக்கினாள். மெஷினை ஓடவிட்டார்கள். கோடு சமமாக ஓடியது. எண்பதில் ஒன்றுமில்லை. தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய், ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றி உலோகப் பெட்டியை உரித்தான். வயர்களின் கவசத்தை வெட்டி எறிந்தான். வெறும் போர்டும் மோட்டாரும் மேஜையில் ஓடின. கோடு அப்போதும் சமமாகவே ஓடியது.

"அப்ப முதல் தடவையே சரியாத்தான் இருந்திருக்கு" என்றான்.

"ஆமா. தப்பு எங்க ஸ்விட்ச்சுல. இல்ல, தப்பு என் மேல. நீ கேட்டப்பவே பாத்திருக்கணும்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளும் நாலு வார்த்தை கத்தி ஆறியிருப்பாள். அவன் வெட்டிப்போட்ட கவசத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். ஸ்விட்சை மாற்றி, மேலாளர் கையெழுத்து வாங்கி, பழைய நான்கு முடிவையும் ரத்துசெய்து இந்த வாரத்துக்குள் ரிப்போர்ட் தருவதாக அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவன் மனைவிக்கு அவளே போன் போட்டாள்.

"உன் வீட்டுக்காரன் செஞ்ச மெஷின் சரியாத்தான் இருக்கு. தப்பா அளந்தது நான்தான்."

"அவர் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு அண்ணி, மெஷின்ல தப்பில்லன்னு. நான்தான் நம்பல. உங்கக்கா பொய்யா சொல்லுவாங்கன்னு கேட்டேன்." அவன் மனைவியின் குரல் உடைந்தது. "அவர்கிட்ட குடுங்க."

போனை நீட்டினாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான், வாங்கவில்லை.

"நாளைக்குக் கடைக்கு வரலன்னு மட்டும் சொல்லுக்கா. இப்பப் பேசினா ஏதாவது சொல்லிடுவேன்."

அவன் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அவள் அப்படியே போனில் சொன்னாள்.