நாற்பது வயது வித்தியாசம்

கீழப்புளியூத்தில் ஒரு வீடு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமானால், அதில் இருக்கும் மூத்தவருக்கும் இளையவருக்கும் குறைந்தது நாற்பது வயது வித்தியாசம் வேண்டும். அது குறைந்தால் வீடு அஸ்திவாரத்தோடு எழுந்து, பிள்ளைகள் போன பாதையில் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடக்கத் தொடங்கும். ஆறு வருடத்தில் பதினோரு வீடுகள் போய்விட்டன. உள்ளே இருந்த முதியவர்களில் சிலர் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தார்கள்.

அவர்களுக்கும் மிச்சமிருந்தவர்களுக்கும் சேர்த்து ஒரே வீடாகக் கட்டித் தர அரசு முடிவு செய்தது. வரைபடம் போடும் வேலை இன்ஜினியர் மேகலாவிடம் வந்தது. ஒன்பது முதியவர்கள், ஓர் இளம் குடும்பம், நடுவில் பொதுச் சமையலறை. ஐந்து முறை வரைந்தாள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வைத்தால், அது ஆடுகளுக்குத்தான் வசதி என்றார்கள். கழிவறையில் கைப்பிடி வைத்தால், துணி காயப்போட இன்னும் கொஞ்சம் உயரம் கேட்டார்கள். சீனியம்மாளுக்கும் அவருடைய ஓரகத்திக்கும் இருபது வருடமாகப் பேச்சில்லை. பேசாமல் இருப்பதை ஒருவருக்கொருவர் பார்க்க வேண்டுமென்று ஜன்னல்களை எதிரெதிராக மாற்றச் சொன்னார்கள். மேகலா மாற்றினாள்.

வீடு கட்டி முடிந்தது. வருவதாகச் சொன்ன இளம் குடும்பம் மட்டும் திருப்பூருக்குப் போய்விட்டது.

மூத்தவரான சீனியம்மாளுக்கு எண்பத்து நான்கு வயது. ஊரிலேயே இளையவர் சங்கிலி, அவருக்கு அறுபத்தொன்று. பதினேழு வருடம் பொறுத்தால் சீனியம்மாளுக்கு நூற்றொன்று ஆகிவிடும், வித்தியாசம் சரியாக வந்துவிடும் என்றார் சங்கிலி. அதற்குள் அவருக்கும் எழுபத்தெட்டு ஆகிவிடுமே என்று மேகலா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். தனக்கு அப்படி ஓர் உத்தேசம் இல்லை என்றார் அவர்.

சாவியைக் கொடுத்துவிட்டு மேகலா வாசலைத் தாண்டியதும், வீடு ஒரு மூலையைத் தூக்கியது. அவள் உள்ளே திரும்பினாள். வீடு மூலையை இறக்கியது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

நான்கு நாள் அவளால் வெளியே போக முடியவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வேலை முடிந்த கட்டடத்தில் தங்க விதியில்லை என்றும், வெளியே வந்து கட்டடம் தொலைந்தால் அவளே பொறுப்பு என்றும் மேலதிகாரி சொன்னார். ஆள் வெளியே போக வழியில்லை என்று தெரிந்ததும் ஒன்பது பேரும் முறை வைத்து வந்து குறை சொன்னார்கள். சுவிட்ச் எட்டவில்லை. சமையலறை ரொம்ப வெளிச்சமாக இருக்கிறது. கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன. கோபம் வந்தால் எதை அறைந்து சாத்துவது?

நான்காம் நாள் மதியம் பொறுக்க முடியாமல் பையைக் கட்டினாள். சீனியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்களுக்காக நீ இங்க கெடக்காண்டாம் தாயி. நீ போ. வீடு கெளம்புனா நாங்க எறங்கிக்கிடுதோம்."

"எறங்கி எங்க போவீங்க?"

"எறங்குன எடத்துல இருப்போம்."

மற்ற எல்லாக் குறைகளையும்விட இந்தப் பதில்தான் மேகலாவுக்கு அதிக எரிச்சலைத் தந்தது. கட்டிய பையைப் பிரித்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறி, அலமாரியில் அடுக்கினாள்.

மறுநாள் காலை கிழக்குச் சுவரை ஒட்டி இன்னொரு வீடு இருந்தது. ஒரே அறை. பூச்சு ஈரமாக இருந்தது. கதவு சங்கிலியின் முழங்கால் உயரம். ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. பெரிய வீடு அதன் பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. பொதுச்சுவர் என்பதால் இரண்டும் சேர்ந்து ஒரே வீடுதான். மேகலா வெளியே வந்து பத்தடி, பிறகு ஐம்பதடி நடந்து பார்த்தாள். எதுவும் அசையவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் பிறப்புப் பதிவுப் படிவத்தோடு வந்தார். தாய் என்ற இடத்தில் கட்டட அனுமதி எண்ணை எழுதினார். தந்தை என்ற இடத்தில் அவர் பேனா நின்றது.

"வரைஞ்சவ பேரப் போடுங்க" என்றார் சீனியம்மாள்.

அவர் போட்டார். மேகலா அதில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திக் கையெழுத்திட்டுவிட்டு, பத்து மணி பஸ்ஸைப் பிடித்தாள்.