கதவுல மட்டும் கை வைக்காதீங்க

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன புண்ணியவான், கட்டின வீட்டில் ஓர் அறையைக் கூட்டிப் பார் என்று சொல்லாமல் விட்டது பெரிய பிழை. முன்னதில் பணம் மட்டும்தான் போகும். பின்னதில் ஆளாளுக்கு யோசனை சொல்லியே உயிரை வாங்கிவிடுவார்கள்.

தையல்காரியின் வீட்டில் இருந்தது ஒரு கூடமும் ஓர் உள்ளறையும். கூடத்தில் மாமனார், கொழுந்தன், அவள் கணவன் மூவரும் வரிசையாகப் படுப்பார்கள். உள்ளறையில் அவளும், வளர்ந்த இரண்டு பெண்களும், தையல் மெஷினும். நடுவே அவளே தைத்துப் போட்ட திரை. கணவன் பஸ் கண்டக்டர். பகலெல்லாம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவன், வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறக்கமாட்டான். திறந்துதான் என்ன? நாலு பேர் காது கேட்கப் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேச முடியும்? கேஸ் தீர்ந்துபோச்சு, பெரியவளுக்கு ஃபீஸ் கட்டணும், அவ்வளவுதான்.

அவளுக்கு அவனோடு பேச ஆசையாக இருந்தது. கல்யாணமான புதிதில் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில், டிக்கெட் வாங்காமல் தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவர்களை அவன் நடித்துக் காட்டுவான். அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். அந்த மனிதன் எங்கேயும் போய்விடவில்லை, திரைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான். தினமும் கண்ணில் படுகிறவனுக்காக ஏங்குவது, வெளியூரில் இருக்கிறவனுக்காக ஏங்குவதைவிடக் கொடுமை. வெளியூர்க்காரனுக்கு ஒரு ஃபோனாவது போடலாம்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால், "பின்னாடி ஒரு ரூம் எடுத்தா மெஷினை அங்க போட்டுக்கலாம். துணி வெட்டப் பெரிய மேசை ஒண்ணும் போடலாம்" என்று ஆரம்பித்தாள். அவள் சேர்த்த தையல் காசோடு கணவன் லோனும் போட்டான். பின்பக்கத்துக் காலி இடத்தைத் தன் டேப்பாலேயே அளந்து, தாளில் கட்டம் போட்டாள். மேசை மட்டும் இரண்டு பேர் படுக்கிற கட்டில் அளவுக்கு இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கொத்தனார் தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, சுவத்துக்கு எடமே விடலையே?"

"சுத்தி அரை இஞ்ச் விட்டிருக்கேனே அண்ணே."

"அது ஜாக்கெட்டுக்கும்மா. சுவரு பக்கத்துக்கு முக்கா அடி தின்னும்."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. துணியை அளந்தே பழகிய கைக்குச் சுவருக்கு இத்தனை கனம் உண்டென்று தோன்றவே இல்லை. மேசை கொள்ளவேண்டுமானால் அஸ்திவாரத்தை இன்னும் வெளியே தள்ள வேண்டும் என்றார் கொத்தனார். செலவு கையிருப்பைத் தாண்டிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரையும் உட்காரவைத்துக்கொண்டு, குடும்பமே கூடத்தில் கூடிச் செலவை வெட்ட ஆரம்பித்தது. டைல்ஸ் போயிற்று, சிமெண்ட் தரை போதும். சுவர் அலமாரி போயிற்று. பெரிய ஜன்னல் சின்ன ஜன்னலாயிற்று. வெளிப்பூச்சை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். எல்லாவற்றுக்கும் அவள் சரி சரி என்றே தலையாட்டினாள்.

"விரலுக்கேத்த வீக்கம்தாம்மா இருக்கணும்" என்று மாமனார் மெச்சிக்கொண்டார்.

அப்படியும் கொஞ்சம் துண்டு விழுந்தது. கொத்தனாருக்கு ஒரு வழி தோன்றியது.

"கதவை எடுத்துடலாமே? நெலை, பலகை, ஆசாரி கூலி எல்லாம் மிச்சம். நீங்களே ஒரு திரை தைச்சுப் போட்டா முடிஞ்சுது."

"சூப்பர் அண்ணி, செலவே இல்ல!" என்றான் கொழுந்தன். பெண்கள் அதற்குள் திரைக்கு நிறம் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

"கதவுல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள் அவள்.

"மெஷினுக்கு எதுக்கும்மா கதவு? நம்ம வீட்டுல யாரு திருடப் போறா?" என்றார் மாமனார்.

"தூசி வரும் மாமா."

"திரையைக் கெட்டித் துணியில தைச்சுக்கோயேன்."

"யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாக்கறீங்களே" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "ஜன்னல் வேணாம். பூச்சு வேணாம். மேசைகூட வேணாம். தரை மண்ணாவே இருக்கட்டும். கதவு இருக்கட்டும்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று சின்னவள் அக்காவைப் பார்த்தாள். தையல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோளுக்கு வளர்ந்த பெண்களை வைத்துக்கொண்டு, கட்டினவனோடு தனியாக இருக்க ஆசையாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள்?

அதுவரை சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்த கணவன், கையை நீட்டித் தாளை வாங்கினான். அந்த மேசையைப் பார்த்தான். அதன் நீளத்தையும் அகலத்தையும் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கதவு போடுங்க" என்றான் கொத்தனாரிடம். "மேசையும் இருக்கட்டும். லோனை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேக்கறேன்."

"உங்க இஷ்டம்" என்று கொத்தனார் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். "துணிமணி வைக்கற ரூமுதானே, தாழ்ப்பாளை வெளிப்பக்கமாவே போட்டுடறேன்."

"இல்ல, உள்பக்கமாப் போடுங்க" என்றான் அவள் கணவன், அப்பா, தம்பி, பெண்கள் அத்தனை பேரும் கேட்க.