தானே குளிப்பவர்களுக்கான கட்டணம்

...முதியோர் இல்லம் என்று பெயர் வைத்துவிட்டால் இல்லமாகிவிடுமா, வாசலில் இரும்புக் கேட், பக்கத்தில் நாற்காலி போட்ட காவலாளி, அந்த ஆள் உள்ளே போகிறவர்களைக் கண்டுகொள்வதில்லை, வெளியே வருகிறவர்களைத்தான் ஏற இறங்கப் பார்க்கிறார், இதை அவள் கவனித்தாள், அம்மா கவனிக்கவில்லை, அம்மாவின் கண் வராந்தாத் தரையில் இருந்தது, "ஓரத்துல எல்லாம் அப்படியே விட்டிருக்காங்க பாரு" என்றாள். சரி, ஓரம் அழுக்காக இருந்தால்தான் என்ன, இதுவரை பார்த்த இடங்களில் பாதி, பணக்கார வீட்டுப் பெரியவர்கள் நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொண்டே வயதாவதற்குக் கட்டியவை, மீதிப் பாதியில் மூத்திர வாடை தெருமுனைக்கே வந்து வரவேற்றது, நடுவில் ஒன்று இருக்கக் கூடாதா, மாதச் சம்பளக்காரிக்கு எட்டுகிற மாதிரி... குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று மேடையேற்றிக் கை தட்டினார்களே, தட்டினவர்களில் ஒருத்தராவது சொல்லியிருக்கலாம், படித்தால் வேலை கிடைக்கும், வேலைக்குப் போனால் வீட்டில் ஆள் இருக்காது, ஆளில்லாத வீட்டில் உன் அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் படுத்துத் தூங்குவாள் என்று.

இரண்டாவது முறை புகை வந்தபோது கீழ்வீட்டுக்காரர் கதவை உடைத்தார். உடைத்த கதவுக்கு வீட்டுக்காரர் காசு கேட்கவில்லை, காலி பண்ணச் சொன்னார், காசு கேட்டிருக்கலாம், அது எவ்வளவோ தேவலை. அம்மா அப்போதும் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வலது கையால் மட்டும், இடது கை விழுந்ததிலிருந்து எதையும் பிடிப்பதில்லை, ஊர் வீடுகளையெல்லாம் கூட்டித் துடைத்த கை, அதைக் கேட்டால் "அது சும்மா மரத்துப் போயிருக்கு" என்பாள், கை என்னவோ பக்கத்து வீட்டுக்காரருடையது மாதிரி. அலுவலகத்தில் இவளுக்கு நாள் முழுக்கப் புகார் கேட்கிற வேலை, காதில் மாட்டிக்கொண்டு, உங்கள் சிரமம் புரிகிறது, உங்கள் சிரமம் புரிகிறது... புரிந்து என்ன கிழித்தாள்.

இல்லத்தின் மேலாளர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட பெண்மணி, மேசைக்குப் பின்னால் இருந்து கட்டணத்தைச் சொன்னாள், மூன்று விதம், தானே குளித்துத் தானே சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று, கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர்களுக்கு ஒன்று, படுக்கையோடு இருப்பவர்களுக்கு ஒன்று, முதலாவதுதான் இவளால் முடியும், இரண்டாவது என்றால் இவள் இரண்டு வேலை பார்க்க வேண்டும், மூன்றாவது கனவு. அம்மா உட்காரவில்லை. "உக்காருங்கம்மா" என்றதற்கு "பரவால்லீங்கம்மா, நிக்கறது எனக்குப் பழக்கம்தான்" என்றாள். மாடி ஏறுவீங்களா என்று கேட்டதற்கு ஏறுவேன் என்றாள், பொய், பஸ் படியிலேயே இவள்தான் தூக்கிவிட்டாள். ராத்திரி எழுந்திருக்கும்போது தடுமாறுமா, "அய்யோ, அதெல்லாம் கிடையாதுங்கம்மா, வலி கிலின்னு ஒரு நாள் படுத்ததில்ல, நான் இருந்த எடத்துல வேணா விசாரிச்சுப் பாருங்க." ஏன் இப்படி அடித்து விடுகிறாள், வீட்டில் தண்ணீர்ச் செம்பு தூக்கவே கூப்பிடுகிறவள், கட்டணம் குறையட்டும் என்றா, அம்மாவுக்கு அவ்வளவு சூது ஏது... மேலாளர் அறைச் சாவி எடுத்து வரப் போனதும் அம்மா இவள் காதருகே குனிந்தாள். "சம்பளத்த நீயே பேசிடுடி, எனக்குக் கூச்சமா இருக்கு. ரொம்ப இழுத்துப் பிடிக்காத, என் வயசுக்குச் சேத்துக்கறதே பெருசு."

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, இவள் அதைப் பார்த்தாள். அப்படி என்னதான் சொல்லிக் கூட்டிவந்தோம்... "ஒரு எடம் இருக்கும்மா, அங்கயே தங்கிக்கலாம், சாப்பாடு அவங்களே போட்டுருவாங்க," அவ்வளவுதான் சொன்னாள், கோபத்தில்கூடச் சொல்லவில்லை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து யாராவது கூப்பிட்டால் அம்மாவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தானே, வேறு எதற்குக் கூப்பிடுவார்கள், சும்மா உட்கார வைத்துச் சோறு போட எவன் கூப்பிட்டிருக்கிறான் இவர்களை, மேலாளர் சொன்ன கட்டணத்தைக்கூட, தான் பார்த்துக்கொள்ளப் போகிற பெரியவர்கள் கட்டுவது என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள். மேலாளர் சாவியோடு வந்தாள், அம்மா அதற்குள் தரையோரத்தைப் பார்க்கத் தள்ளிப் போயிருந்தாள், "அம்மா நல்லாத் திடமா இருக்காங்க, முதல் கட்டணத்துலயே சேத்துக்கலாம்" என்றாள். வாயைத் திறந்தால் போதும், மேடம், கை வராது, படி ஏற மாட்டாங்க... திறந்தால் இந்த இடமும் போச்சு. பேனா எங்கே என்று கேட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா, அடுக்கடுக்காக ஒரே மாதிரி வீடுகள், ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு கார், அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஏன்டி, வாரத்துல ஒரு நாள் லீவு குடுப்பாங்கல்ல? அன்னிக்கு வந்து உன் துணியெல்லாம் தோச்சுப் போட்டுட்டுப் போறேன்."

"குடுப்பாங்கம்மா."

சொல்லிவிட வேண்டும், இறங்குவதற்குள், இல்லை, வீட்டுக்குப் போய், இல்லை, சொன்னால் வரமாட்டாள், சும்மா திங்கவா என்பாள், சொல்லாவிட்டால் முதல் நாள் விடியற்காலையில் துடைப்பத்தைத் தேடுவாள், யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு நீங்க உக்காருங்கம்மா என்பார்கள், அம்மாவுக்கு முகம் செத்துவிடும், அதைத்தான் இவ்வளவு நேரமாக நினைத்துப் பயந்துகொண்டு வந்தாள், ஆனால்... அவ்வளவு பெரிய கட்டடத்தில் இன்றைக்குக் கண்ணில் பட்ட வேலையாள் ஒரே ஒருத்தி, அவளும் இரண்டு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினாள், ஓரமெல்லாம் அப்படியே கிடந்தது... பிடுங்கவே மாட்டார்களோ? ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமல், ஒற்றைக் கையால் கூட்டட்டும் என்று விட்டுவிடுவார்களோ, அம்மாவும் சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டே இருப்பாளோ, மாதம் பிறந்தால் இவள் போய்ப் பணம் கட்டிவிட்டு வருவாளோ.