ரொட்டிக்கடை அண்ணனின் மீசை

கத்தரியைக் கையில் கொடுங்கள், பேசிக்கொண்டே எந்தத் தலையையும் அழகாக்கிவிடுவேன். பேனாவைக் கொடுத்தால்தான் கை நடுங்கும். சலூன் நடத்த உரிமம் வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டை விட்டேன். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. பதினாறு வருடம் நான் வேலை பார்த்த கடையை என்னிடமே ஒப்படைத்துவிட்டு மகள் வீட்டோடு போக முதலாளி தயாராக இருந்தார். உரிமம் கிடைக்காவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும்.

படிக்காமல் ஒன்றும் இல்லை! புத்தகத்தை ஆறு தடவை படித்தேன். முக்கியமான வரிகளில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன். எனக்கு எல்லாமே முக்கியமாகத்தான் தெரிந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த என் மனைவி அதை வாங்கிப் புரட்டினாள்.

"என்னங்க இது, சாயத்துல முக்கி எடுத்தீங்களா?"

"படிக்கறப்ப நல்லாத்தான் புரியுது. அங்க போய் உக்காந்தா மறந்துபோகுது."

"கண்ணால பாத்துட்டே இருந்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். மூடி வச்சுட்டுச் சொல்லிப் பாருங்க. எங்க முட்டுதோ அதை மட்டும் திரும்பப் படிங்க. மூணு நாள் கழிச்சு மறுபடி சொல்லுங்க."

இவள் என்ன எனக்குச் சொல்வது என்று சுள்ளென்று கோபம் வந்தது. வீம்புக்குப் புத்தகத்தை மூடினேன். நாலு வரிக்கு மேல் வாயில் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

சரி, யாரிடம் சொல்லிப் பார்ப்பது? கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருப்பவர் எங்கே ஓடப்போகிறார்! தபால்காரருக்குப் பொடுகைப் பற்றிச் சொன்னேன். கணக்கு வாத்தியாருக்குப் படர்தாமரை. நான் விட்டுப்போனதையெல்லாம் சீட்டில் எழுதிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினேன். அடுத்து வருபவர் சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பார். நாலே வாரத்தில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பரீட்சைக்குத் தயாராகிவிட்டார்கள், என்னைத் தவிர.

ரொட்டிக்கடை அண்ணன் வாரம் இரண்டு முறை வருவார். இருபது வருடத்து மீசை. அதைத் தொட அவர் மனைவிக்கே அனுமதி இல்லை, எனக்கு மட்டும்தான் உண்டு. அன்று அதன் ஓரத்தை மெஷினால் ஒதுக்கிக்கொண்டே எனக்கு நானே கேள்வி கேட்டேன்.

"கத்தரி, சீப்பை மருந்துத் தண்ணியில போடறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்? முன்னாடி... முன்னாடி..."

விட்டத்தைப் பார்த்து யோசித்தேன். கை நிற்கவில்லை. சர்ரென்று ஒரு சத்தம். பாதி மீசை அவர் மடியில் விழுந்தது.

அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"முடியைத் தட்டிட்டு, சோப்புத் தண்ணியில கழுவணும்டா பாவி! நாலு வாரமா நீதானே என் காதுல ஓதிட்டிருக்கே!"

"அண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே..."

"மீதியையும் எடு. நீ பாஸாகுற வரைக்கும் மீசை வளர்க்க மாட்டேன். ஃபெயிலாகித்தான் பாரேன், அப்புறம் இருக்கு உனக்கு!"

தேர்வு அறையில் தாளைத் திருப்பினேன். மூன்றாவது கேள்வியே அதுதான். பத்து மதிப்பெண்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேற்பார்வையாளர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும், என் கை நடுங்கவே இல்லை.

முடிவு வந்த அன்று கடை நிறைய ஆள். மனைவி போனைப் பார்த்து, "எண்பத்தாறு!" என்று கத்தினாள். அழுதாள், சிரித்தாள். நானும் அழுதேன், அதில் என்ன ஒளிவுமறைவு? அண்ணன் மாவுக் கையோடு ஓடிவந்து கட்டிப்பிடித்ததில் என் சட்டையெல்லாம் வெள்ளை.

பத்து நாள் கழித்து முதலாளி சாவியை என் கையில் வைத்தார். முதல் ஆளாக அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நாள் மீசையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"தலையை மட்டும் வெட்டு தம்பி. வாயைத் திறந்தே, எந்திரிச்சுப் போயிடுவேன்."

சத்தியமாக வாயைத் திறக்காமல் வெட்டினேன். கத்தரிச் சத்தம் மட்டும்தான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அண்ணன் நெளிய ஆரம்பித்தார்.

"என்னடா, கடை வெறிச்சுனு இருக்கு? அந்தப் பொடுகுப் பாடத்தையாவது சொல்லித் தொலையேன்."