கல்லின் பெயரில் ஒரு மீன்கடை

“கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுச்சும்மா, எழுதிக்கிட்டேன். இதுல என் தப்பு இன்னா?”

பாகூர் கடைத்தெருவில் வியாபாரிகளைக் கணக்கெடுத்துப்போன பஞ்சாயத்து ஆபீஸ் அரிகரன், வியாபாரி அட்டை கொடுக்க வந்த அன்று இப்படிச் சொன்னது தன் கல்லைப் பற்றித்தான் என்று மீன்காரி தனக்கொடிக்குப் புரியச் சற்று நேரமானது. கல் பேசியதில் அவளுக்கு வியப்பில்லை. இத்தனை வருஷம் கூடவே மீன் விற்ற கல் பேசாமல் இருந்தால்தான் அதிசயம். அட்டை அதன் பெயருக்குப் போய்விட்டதே என்பதுதான் கவலை. கணக்கெடுப்பில் இருந்தவருக்கே அட்டை, அட்டை இல்லாதவருக்கு இடமில்லை என்பது புதுச் சட்டம்.

அதற்கு முன்பே அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வர நேரமாகுமென்றால் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டால் போதும். அங்கே இன்னொருத்தர் கூடையை இறக்கமாட்டார். தனக்கொடி கல்யாணமான வருஷம் வைத்த கல் அது. அதன்மேல் மீன் ஆய்ந்தாள், அதில் சாய்த்து மகளைத் தூங்க வைத்தாள், புருஷன் போனபின் அதனிடமே புலம்பினாள். கணக்கெடுப்பு அன்று அவள் மீன் எடுக்கப்போன பன்னித்திட்டில் படகு கரைசேரத் தாமதமானது. கல் இருக்கிறதே என்று நிம்மதியாகக் காத்திருந்தாள். கல்லோ, தொழில் மீன், மழையிலும் கடை உண்டு என்று அரிகரனிடம் சொன்னதோடு, கிளம்பப்போன வாடிக்கைக்காரர் இரண்டு பேரை வஞ்சிரம் வருது இருங்க என்று நிறுத்தியும் வைத்திருந்தது.

“ஏம்பா, ஆளு இல்லன்னா வூட்டுக் கதவு பேருல ரேஷன் கார்டு குடுப்பியா?” என்று பூக்காரி காசம்மாள் அரிகரனைப் பிடித்துக்கொண்டாள்.

“கதவு பேசுனா குடுப்பேன்,” என்றான் அவன், சிரிக்காமல்.

பெயரை மாற்ற வேண்டுமானால் அட்டைக்காரர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றார்கள். தனக்கொடி கல்லை ஆட்டோவில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுபோனாள். கல் சம்மதிக்கவில்லை. “இவளைன்னா எடத்தவுட்டு எழுப்பிடுவீங்க. என்னை எழுப்புங்க பாக்கலாம்,” என்றது. உரிமையாளர் கல், உதவியாள் தனக்கொடி என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

அதன்பின் வாய்க்கால் வேலை என்றும் திருவிழா என்றும் தெருவைப் பலமுறை காலி செய்தார்கள். தன் பெயரில் இருந்த அட்டையை நீட்டியும் காசம்மாள் ஒவ்வொரு முறையும் பூக்கூடையோடு ஓடினாள். தனக்கொடிக்கு மட்டும் அசைந்துகொடுத்த கல்லைத் தூக்க வந்தவர்கள் மூச்சு வாங்க நின்று, வந்ததுக்கு ஆகட்டும் என்று சங்கரா மீன் வாங்கிப்போனார்கள். மகள் கல்யாணப் பத்திரிகையில் தனக்கொடி கல்லின் பெயரையும் போட்டாள். ஊரில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒருநாள் காசம்மாள் தன் கல்லை இடுப்பில் சுமந்துவந்து பக்கத்தில் இறக்கினாள்.

“ஏன்டி தனம், இதுவும் என்னோட இத்தினி வருசம் குந்தினு கீது, வாயே தொறக்கல. உன் கல்லாண்ட சொல்லி, இதுக்கு நாலு வார்த்த கத்துக்குடுக்கச் சொல்லேன்டி.”