ராத்திரிச் சோற்றுக்கான மன்றாட்டு

கயல்விழி மெஸ் செயலாளர் தேர்தலில் ஜெயித்தது ஒரே ஒரு வாக்குறுதியால்தான்.

"ராத்திரிக்குச் சோறு. இந்த மாசம் முடியறதுக்குள்ள வரலன்னா நானே இறங்கிடறேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்த்து நின்றவள் சுகாதாரம், சிக்கனம், செல்போன் ஒழுக்கம் என்று மூச்சுவிடாமல் பேசித் தோற்றுப்போனாள்.

விஷயம் இதுதான். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிற சாலையில், மூன்று பக்கமும் வயல் சூழ நிற்கிற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அது. மாணவர் நலத்துறையைப் பார்த்துக்கொள்ளும் ஃபாதர் குழந்தைராஜ், புனேயில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தார். வந்த கையோடு பெண்கள் விடுதியில் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி போடச் சொல்லிவிட்டார். 'ஆரோக்கிய இரவு' என்று அதற்கு ஒரு பேனர் வேறு. மெஸ் ஜன்னலுக்கு வெளியே சம்பா நாற்று தலையாட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பிள்ளைகள் சப்பாத்தியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

"என்னடி இது, பஸ் சீட்டு உறை மாதிரி இருக்கு," என்றாள் அறைத்தோழி ஹஃப்ஸா.

"பஸ் சீட்டு கிழியும்," என்றாள் இன்னொரு அறைத்தோழி ஃபிளோரா.

கயல்விழி நலத்துறையின் செயலியில் புகார் போட்டாள். போட்ட சூட்டோடு பதில் வந்தது: 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' மறுபடி போட்டாள். மறுபடியும் தீர்ந்தது. சரியென்று ஃபாதரிடமே நேரில் போனாள்.

"செயலியில போட்டியாம்மா?"

"போட்டேன் ஃபாதர்."

"என்ன வந்துச்சு?"

"தீந்துடுச்சுன்னு வந்துச்சு."

"அப்புறம் என்னம்மா?"

கீழ்வேளூரில் அவள் அப்பா இளையபெருமாள், வார்டு தேர்தலில் நின்று நின்று தோற்றவர். மகள் ஜெயித்ததை டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தினமும் போன் வந்துவிடும்.

"சோறு வந்துடுச்சாம்மா?"

"வரும்ப்பா."

"சீக்கிரம் வரவைம்மா. கடையில கேக்கறாங்க. நம்ம குடும்பத்துல ஜெயிச்ச ஆளே நீதான். நீயும் இறங்கிட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

மாசமோ பாதிக்குமேல் ஓடிவிட்டது.

ஃபிளோரா வேதாரண்யத்துக்காரி, பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். வளாகத்துக் கோயிலில் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ஃபாதர் குழந்தைராஜே அந்தோணியாருக்குப் பூசை வைப்பார். சுரூபத்தின் காலடியில் ஒரு பெட்டி. எந்த மதத்துப் பிள்ளையும் வேண்டுதலை எழுதி அதில் போடலாம். பூசை நடுவே ஃபிளோராதான் எடுத்து வாசிப்பாள். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள்.

"எல்லாருமாவது? வர்றதே நாலஞ்சு பேரு," என்று ஒருநாள் ஃபிளோரா அலுத்துக்கொண்டாள். "பெட்டி காலியாவே கிடக்கு. பாவம், ஃபாதர் முகம் தொங்கிப்போவுது."

"அதுல என்ன எழுதிப் போட்டாலும் வாசிப்பியா?" என்றாள் கயல்விழி.

"வாசிச்சுத்தான் ஆகணும். ஒரு எழுத்த மாத்தக் கூடாது. கடவுளுக்கு எழுதினதுல நாம கை வைக்கக் கூடாதுன்னு ஃபாதர் போட்ட சட்டம்."

கயல்விழி அவளையே பார்த்தாள்.

"வேணாம்டி," என்றாள் ஃபிளோரா. சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய் ஃபிளோரா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

"ராத்திரியில் சோறு காணாமல் வாடும் டெல்டா பிள்ளைகளுக்காக. வயலை எங்கள் கண்ணுக்குக் காட்டிய இறைவா, அதன் அரிசியை எங்கள் தட்டுக்கும் காட்ட வேண்டுமென்று..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பீடத்தில் நின்ற ஃபாதரும் வாய்ப்பழக்கத்தில் சேர்ந்து சொல்லிவிட்டார். பாதியில்தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. நிறுத்தவும் முடியாது.

பொழுது விடிவதற்குள் சங்கதி விடுதி முழுக்கப் பரவிவிட்டது. அதற்கடுத்த செவ்வாய் கோயிலில் உட்கார இடமில்லை. விபூதி வைத்த நெற்றி ஒரு வரிசை. முக்காட்டோடு ஹஃப்ஸாவும் அவள் கூட்டாளிகளும் ஒரு வரிசை. விடிகாலையில் எழுந்திருப்பதா கஷ்டம்? சப்பாத்தி தின்ற வயிறு கோழி கூவுமுன்னே எழுப்பிவிடுகிறதே. பெட்டி வாய்வரை நிறைந்திருந்தது.

"சப்பாத்தி மென்று தாடை நோகும் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்காக..."

"காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் அந்தோணியாரே, எங்கள் குருமாவில் காணாமற்போன உருளைக்கிழங்குக்காக..."

கேட்டருளும், கேட்டருளும் என்று கூரை அதிர்ந்தது.

அன்றைக்கே ஃபாதர் கயல்விழியைக் கூப்பிட்டனுப்பினார். பதவியோடு படிப்பும் போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

"உட்காரும்மா. நீதான?"

"எது ஃபாதர்?"

"உருளைக்கிழங்கு."

"அது நான் இல்ல ஃபாதர். நான் வயல்."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துணைவேந்தர் காலையில நடக்கப் போனாராம். கோயில் நிறைஞ்சு வழியறதப் பாத்துட்டு என் கையப் புடிச்சுக்கிட்டார். உங்க பிரசங்கம் பிள்ளைங்க மனசத் தொட்டுடுச்சுன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாம் ஆண்டவன் செயல்னு சொன்னேன்." கொஞ்சம் குரலை இறக்கினார். "சங்கடம் என்னன்னா, இப்ப சோறு போட்டா கூட்டம் கலைஞ்சுடும்."

"அதுக்காக எங்களப் பட்டினி போட்டுப் பக்தி வளக்கறீங்களா?"

"பட்டினி எங்கம்மா? சப்பாத்தி."

"செமஸ்டர் வருது ஃபாதர். வேண்டுதலுக்கா எங்களுக்குப் பஞ்சம்? புள்ளியியல் பேப்பர் ஒண்ணுக்கே கோயில் கொள்ளாது. சோறு போடுங்க. அடுத்த செவ்வாய் கோயில் நிறையலன்னா அன்னிக்கு ராத்திரியே சப்பாத்திக்குத் திரும்பிடுங்க. நானும் இறங்கிடறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

திங்கட்கிழமை ராத்திரி சோறு வந்தது. சமையல்கார ரெங்கம்மாள், ஆவி பறக்கப் பொன்னியரிசிச் சோறும் சுண்டக்காய் வத்தக்குழம்பும் அப்பளமுமாகக் கொண்டுவந்து வைத்தார். மெஸ்ஸில் பேச்சே இல்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். கயல்விழி அப்பாவுக்குப் போன் போட்டாள். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தன் செலவில் டீ சொல்லிவிட்டார் இளையபெருமாள்.

செவ்வாய் விடிந்தது. விடுதி விடியவில்லை.

"எழுந்திருங்கடி, கோயிலுக்கு நேரமாச்சு," என்று கயல்விழி கதவு கதவாகத் தட்டினாள்.

"எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்க," என்றது ஒரு போர்வை.

"புள்ளியியல் என்னாகறது?"

"ஃபெயிலானா ஆயிட்டுப் போறேன்," என்றது அடுத்த போர்வை.

கோயிலில் ஃபிளோரா இருந்தாள். கயல்விழி முகத்தைப் பார்க்கச் சகியாமல் கூட வந்த ஹஃப்ஸா இருந்தாள். வாட்ச்மேன் செல்லதுரை தூணோரம் நின்றார். ஃபாதர் காலிப் பெஞ்சுகளை ஒருமுறை பார்த்தார். கயல்விழியை ஒருமுறை பார்த்தார். மன்றாட்டு நேரம் வந்தது. ஃபிளோரா பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

"ஒண்ணும் இல்ல ஃபாதர்."

கயல்விழி எழுந்து நின்றாள். "வாயால சொல்லலாமா ஃபாதர்?"

தலையசைத்தார்.

"சோறு தின்னுட்டு எழுந்திரிக்க முடியாமக் கிடக்கிற எங்க பிள்ளைங்களுக்காக. அவங்க பக்தி இல்லாதவங்க இல்ல, வயிறு நிறைஞ்சவங்க. ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியாத் தூங்கறாங்க. அதுக்குக் கோவிச்சுக்கிட்டு யாரும் மறுபடி கோதுமை மாவப் பிசையச் சொல்லாம இருக்கணும்னு..."

மூன்று பெண்களும் வாட்ச்மேனும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். ஃபாதர் குரல் மட்டும் வரவில்லை. கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் வாசலில் கயல்விழி தானாகவே போய் நின்றாள். "பேச்சுன்னா பேச்சுதான் ஃபாதர். எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"இரும்மா." ஃபாதர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நேத்து மெஸ்லேர்ந்து எனக்கும் ஒரு கேரியர் வந்துச்சு. வத்தக்குழம்பு. ரெண்டாந்தரமும் போட்டுக்கிட்டேன். காலையில செல்லதுரை வந்து கதவ இடிச்சப்புறம்தான் எனக்கே முழிப்பு வந்துச்சு. அந்தப் பிள்ளைங்கள என்ன சொல்றது?"

கயல்விழி நிமிர்ந்து பார்த்தாள்.

"பூசைய சாயங்காலத்துக்கு மாத்திடறேன். செவ்வாய்க்கிழமை மட்டும், பூசை முடிஞ்சாத்தான் மெஸ் திறக்கும்."

"சோத்துக்குத்தான?"

"சோத்துக்குத்தான். நீ ஒண்ணும் இறங்க வேணாம்." இரண்டடி போனவர் திரும்பினார். "அப்ப என் பிரசங்கத்தக் கொஞ்சம் நீட்டினா ஒண்ணும் நினைக்க மாட்டாங்கல்ல?"

கயல்விழி யோசித்தாள்.

"சோறு ஆறாத அளவுக்கு நீட்டுங்க ஃபாதர்," என்றாள்.